பம்பரின் உட்பக்கம்

அந்தக் காரின் சாவி மாப்பிள்ளையின் கைக்கு வந்து சரியாகப் பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. அதற்குள் பின்பக்க பம்பரை உடைத்துவிட்டான்.

வெளியே எங்கும் போய் உடைக்கவில்லை. சொந்த வீட்டு வாசலில், கேட் தூணில். வண்டி அப்போது ஆமை வேகத்தில்தான் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. மூன்று கண்ணாடியையும் வரிசையாகப் பார்த்தாகிவிட்டது. தன் வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு இண்டிகேட்டர்கூடப் போட்டிருந்தான். அப்படியும் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் பம்பரின் ஓரத்தில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போய் வெளியே வந்தது.

இதையே வேறு எந்த மாமனாரின் காரில் செய்திருந்தாலும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு விட்டிருப்பார். இவர் முப்பத்தோரு வருஷம் டிரைவிங் லைசென்ஸ் பரீட்சை வைத்து ஓய்வு பெற்றவர். பக்கத்து சீட்டில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்து ஊரில் பாதிப் பேரை அழவைத்தவர். மாப்பிள்ளைக்கு நான்கு முறை ஃபெயில் போட்டவரும் அவர்தான். முதல் இரண்டு முறை யாரென்று தெரியாமல். அடுத்த இரண்டு முறை நன்றாகத் தெரிந்தே. பெண்ணைக் கொடுத்த மனுஷர் லைசென்ஸ் மட்டும் கொடுக்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற மறு வாரமே மாப்பிள்ளை வேறொரு அதிகாரியிடம் போய் ஒரே தடவையில் பாஸ் செய்தான். அதை மாமனார் இன்றுவரை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. "அந்த ஆளு கண்ணுக்கு ஸ்டியரிங்கப் பிடிச்சவன் எல்லாம் டிரைவர்தான்" என்பார்.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடங்கள் அவனை நம்பித்தான் மேலும் கீழும் போய்வருகின்றன. "லிஃப்டுக்கு ஸ்டியரிங் கிடையாது, மாப்பிள்ளை" என்று சாப்பாட்டு மேசையில் மாமனார் ஆரம்பிக்கும்போதெல்லாம் அவன் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்வான். வீட்டோடு மாப்பிள்ளைக்குத் தண்ணீரை விட்டால் வேறு பதில் கிடையாது. கார் நிழலில் நிற்கும். அவன் பஸ்ஸுக்கு ஓடுவான்.

அப்படி இருந்த மனுஷருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனது. இரண்டு மாதம் வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்பளத்துக்கு டிரைவர் வைப்பேன் என்று மாமனார் பிடிவாதம் பிடித்தார். மாமியாரும் மனைவியும் மூன்று நாள் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் அவர் சாவியைக் கழற்றி, இன்னொரு முறை யோசித்து, நீட்டினார். "இன்னைக்கு ஒரு நாள் பாக்கலாம். காலையில காத்து அடிச்சிட்டு வாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு என்னக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அப்புறம் சொல்றேன். பதினோரு வருஷமா இந்த வண்டியில ஒரு கீறல் கிடையாது, ஞாபகம் இருக்கட்டும்."

ஒரு நாள் பரீட்சை. அதில் பதினெட்டாவது நிமிடமே இந்த லட்சணம். மணி பதினொன்று. ஐந்து மணிக்குள் இந்த விரிசல் மறையாவிட்டால் சாவி திரும்பிப் போய்விடும், அப்புறம் ஜென்மத்துக்கும் கைக்கு வராது. மாப்பிள்ளைக்குக் காதெல்லாம் சுட்டது. எட்டு வருஷமாக அவன் ஆசைப்பட்டது காருக்கு இல்லை. 'நீங்க ஓட்டுங்க' என்று அந்த வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

காற்றடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை நேராகத் தையல்காரரின் கடைக்கு விட்டான்.

தையல்காரர் என்றால் துணி தைக்கிறவர் இல்லை. உடைந்த பம்பர் தைக்கிறவர். வளைந்த கம்பி ஊசிகளைப் பழுக்கச் சூடாக்கி பிளாஸ்டிக்கின் உட்பக்கமாக விரிசலின் குறுக்கே இறக்கி, மேலே பிளாஸ்டிக் குச்சியை உருக்கி ஊற்றி மூடிவிடுவார். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வேலை ஒரே நாளில் முடியும், விஷயம் வெளியே போகாது என்று கூட வேலை செய்கிறவன் சொல்லியிருந்தான். தகர ஷெட், சுவர் முழுக்க மூக்குடைந்த பம்பர்கள் தொங்கின. தீய்ந்த பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது.

தையல்காரர் ஒல்லியான மனுஷர். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. குனிந்து விரிசலை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"எப்படி ஆச்சு சார்?"

"நாய் ஒண்ணு குறுக்க வந்துடுச்சு அண்ணே."

"பின்னாடி வர்ற வண்டிக்கு நாய் எப்படி சார் குறுக்க வரும்?"

"அதாவது... நிறுத்தி வெச்சிருந்தேன். யாரோ வந்து இடிச்சிட்டுப் போயிட்டாங்க."

தையல்காரர் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "உண்மையச் சொன்னாத்தான் ஊசியத் தொடுவேன். எந்தப் பக்கம் இருந்து அடி விழுந்துச்சு, எவ்வளவு பலமா விழுந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் ஊசிய எந்தக் கோணத்துல இறக்குறதுன்னு தெரியும். பொய் சொல்லி ஒட்டின பம்பர் ஒரு வருஷம் தாங்காது சார். நான் சொன்னதில்ல, பிளாஸ்டிக்கே சொன்னது."

மாப்பிள்ளை மூன்றாவதாக ஒரு பொய்யைத் தேடினான். கிடைக்கவில்லை.

"வீட்டு கேட் தூண்ல இடிச்சேன்."

"பாக்காமலா?"

"வேற எடத்தப் பாத்துட்டு இருந்தேன். மாமனார் ஜன்னல்ல நின்னு பாக்குறாரான்னு பாத்தேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். தையல்காரர் சிரிக்கவில்லை. "அது சரி. அப்ப இடது பக்கமாத் திரும்பி உக்காந்திருப்பீங்க, ஸ்டியரிங்கும் கூடவே அரை விரல் திரும்பியிருக்கும். இதத்தான் கேட்டேன்" என்று சொல்லி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "இத பம்பரோட உள்பக்கம் எழுதிடுவேன். நீங்க சொன்னது சொன்னபடி. அதுதான் நம்ம கடை வழக்கம். மறுபடி உடைஞ்சு வந்தா முதல்ல எதனால உடைஞ்சுதுன்னு தெரியணும் இல்லையா? உள்பக்கத்த யாரும் பாக்கப் போறதில்ல, பயப்படாதீங்க."

பத்து ஸ்க்ரூவும் ஏழெட்டு கிளிப்பும் கழன்றன. இரண்டு பேருமாகப் பம்பரைத் தூக்கி மேசைமேல் விரித்திருந்த பழைய போர்வையில் குப்புறப் போட்டார்கள். மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டான்.

உட்பக்கம் முழுக்க எழுத்து. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, வெள்ளை மையில், பெரிய பெரிய எழுத்தாக, தேதி போட்டு. எழுத்துக்கு இடையிடையே தையல் போட்ட தழும்புகள்.

"அட, இந்த வண்டியா!" என்றார் தையல்காரர். முகம் மலர்ந்துவிட்டது. "வெளிய பாத்தா அடையாளமே தெரியல. அவ்வளவு சுத்தமா தைச்சிருக்கேன் பாருங்க."

மாப்பிள்ளை படித்தான். முதல் வரி பத்து வருஷத்துக்கு முந்தியது.

'கார்க்காரர். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டேன்.'

அவன் அதை மூன்று தடவை படித்தான். இதே தவறுக்கு மாமனார் எத்தனை பேரின் காகிதத்தில் கோடு கிழித்திருப்பார்! அடுத்தது:

'கார்க்காரர். தூண்தான் நகர்ந்திருக்கிறது.' அதற்குக் கீழே, 'அரை மணி கழித்து: இல்லை, நான்தான்.'

இன்னொன்று: 'கார்க்காரர். தெருவில் ஒருவன் கன்னாபின்னாவென்று ஓட்டினான். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டேன். ஸ்டியரிங்கை யாரும் பிடித்திருக்கவில்லை.'

விரிசல் விழுந்த இடத்திலேயே ஒன்று, போன வருஷத்துத் தேதியில்: 'கார்க்காரர். காரணம் எதுவும் இல்லை.'

மாப்பிள்ளைக்கு வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு கிளம்பியது. ஒரு கீறல் கிடையாதாம்! ஆனால் அடுத்த வரிகளைப் படித்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

'கார்க்காரரின் மனைவி. அவர் ஆபீஸ் போனதும் தெரு முனைவரை ஓட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தேன். திரும்பி வரத் தெரியவில்லை.'

'கார்க்காரரின் மனைவி. இந்த முறை திரும்பி வரத் தெரிந்தது. நிறுத்தத் தெரியவில்லை.'

'கார்க்காரரின் மனைவி. இப்போது எல்லாம் தெரியும். பெருமையில் தூண் தெரியவில்லை.'

அவன் மாமியார்! காரின் முன்கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியாதவர்போலப் பின்சீட்டில் கைப்பையை அணைத்துக்கொண்டு உட்காரும் மாமியார்.

கடைசியாக, நடுவில் ஒன்று: 'கார்க்காரரின் மகள். கிளம்பும்போது என் வீட்டுக்காரரோடு சண்டை. அவரை நினைத்து இடித்தேன்.'

தேதியைப் பார்த்தான். என்ன சண்டை என்று நினைவுக்கு வரவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவள் அவனிடம் அநியாயத்துக்கு அன்பாக இருந்தது நினைவுக்கு வந்தது.

மாப்பிள்ளை மெல்ல போனை எடுத்தான். ஒரே ஒரு படம் போதும். இனி சாப்பாட்டு மேசையில் லிஃப்ட், ஸ்டியரிங் என்று ஆரம்பித்தால் போனை எடுத்து மேசைமேல் வைத்தால் முடிந்தது கதை. தையல்காரர் கையிலிருந்த அழுக்குத் துணியைப் பம்பர்மேல் விரித்துப் போட்டார்.

"படம் எடுக்கக் கூடாது சார். நாளைக்கு உங்களுதையும் ஒருத்தர் எடுப்பாரு."

நியாயம்தான். போனைப் பைக்குள் போட்டான். "சரிண்ணே, ஆரம்பிங்க. மணி ஒண்ணாகப் போகுது."

தையல்காரர் பேனாவைத் திறந்தார். பம்பரை இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார். மூடிவிட்டார்.

"இடம் இல்லையே சார்."

"தைக்கவா?"

"தைக்க இடம் இருக்கு. எழுத இடம் இல்ல."

மாப்பிள்ளை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகி, சூடாக்கி வைத்திருந்த கருவியின் சுவிட்சையும் அணைத்தபோதுதான் விளையாட்டில்லை என்று புரிந்தது.

"அண்ணே, ஒரு தாள்ல எழுதி வெச்சுக்கோங்களேன்."

"விரிசல் பம்பர்ல இருக்கு, விஷயம் தாள்ல இருந்தா எப்படி சார் பிடிக்கும்?"

"பொடி எழுத்தா எழுதலாமே?"

"எனக்கு வர்ற எழுத்து இதுதான்."

"எழுதாமயே தைச்சா என்ன ஆயிடும்?"

"எழுதாம ஒண்ணுகூட தைச்சதில்ல சார், அதனால என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. தெரியாத வேலையச் செய்ய மாட்டேன். வேணும்னா வெளிப்பக்கம் எழுதுறேன். தாராளமா இடம் இருக்கு."

மாமனாரைப் பற்றிய அந்த வரியைப் பம்பரில் சுமந்துகொண்டு தெருவில் போவதை மாப்பிள்ளை நினைத்துப் பார்த்தான். வேண்டாம் என்றான். பழையதில் ஒன்றைப் பெயின்ட் தின்னர் வைத்து அழிக்கலாமா என்று கேட்டான். அழிக்கலாம், ஆனால் யார் சொன்னதோ அவர் சம்மதிக்க வேண்டும் என்றார் தையல்காரர். அதுவும் கடை வழக்கமாம்.

வேறு வழியில்லை. மனைவிக்கு போன் போட்டான். சுற்றி வளைத்துச் சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் இறங்கிவிட்டது.

"படிச்சிட்டீங்களா?"

"படிச்சிட்டேன். அழிச்சிடலாமா? உனக்கும் நல்லதுதானே."

"அழிக்கக் கூடாது."

"ஏன்?"

"அன்னைக்கு என் பக்கம்தான் நியாயம் இருந்துச்சு. அது அப்படியே இருக்கட்டும்."

"என்ன சண்டைன்னாவது சொல்லு."

"பாத்தீங்களா, ஞாபகம்கூட இல்ல. கண்டிப்பா அழிக்கக் கூடாது."

பின்னால் மாமியாரின் குரல், என்ன என்ன என்று. போன் கை மாறியது. மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டான். "அத்தை, இங்க பம்பர்ல உங்களது மூணு இருக்கு..."

மாமியார், இதுவரை அவன் கேட்டறியாத ஒரு கம்பீரத்தில், "மூணையும் தொடாதீங்க மாப்பிள்ளை" என்றார். "யாருக்கும் தெரியாம நானா கத்துக்கிட்டது. எனக்குன்னு வேற சர்டிஃபிகேட் கிடையாது. மாமாவோடத அழிங்க, அவருக்கு நெறைய இருக்கு." குரலைத் தாழ்த்தி, "அவரு அரை மணிக்கு முன்னாடியே வாடகை வண்டி பிடிச்சு எங்கயோ போயிட்டாரு. எங்கன்னு கேட்டா சொல்லல" என்றார்.

போனை வைத்துத் திரும்பினால், கடை வாசலில் மாமனார் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கண்ணில் வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது. இன்னொரு கண் நேராக மேசையைப் பார்த்தது.

"மாமா... காத்தடிக்க..." என்று ஆரம்பித்தான்.

"காத்தடிக்க பம்பரக் கழட்ட வேண்டியதில்ல மாப்பிள்ளை" என்றார் மாமனார். ஆனால் அந்தக் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. வேகவேகமாக நடந்து வந்ததுபோல மூச்சு வாங்கியது. தையல்காரரிடம் திரும்பி, "படிச்சிட்டாரா?" என்றார்.

"படிச்சிட்டாருங்க."

"எல்லாத்தையுமா?"

"கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும்."

மாமனார் மேசையைச் சுற்றி வந்தார். தன் வரிகளையோ மாமியாரின் வரிகளையோ பார்க்கவில்லை. பம்பரின் கோடி மூலையில், சேறு அப்பிக் காய்ந்திருந்த இடத்தில் விரலை வைத்தார். "இத அழிச்சிடுங்க. என்னுதுதான். சம்மதிக்கிறேன். இதுல இவருதை எழுதிக்கோங்க."

"சேத்துக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்காம அழிக்க முடியாதுங்களே" என்றார் தையல்காரர். மாமனார் வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டார்.

தேதியைப் பார்த்ததுமே மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. அவன் கல்யாண நாளை ஒன்றிரண்டு முறை மறந்திருக்கிறான். இந்தத் தேதியை மறந்ததில்லை. அவனுடைய நான்காவது பரீட்சை நடந்த நாள்.

'கார்க்காரர். இன்று மருமகனுக்குப் பரீட்சை. ஒரு குறையும் இல்லாமல் ஓட்டினார். மூன்று விநாடி அதிகமாக இண்டிகேட்டர் போட்டதாகச் சொல்லி ஃபெயில் போட்டேன். அதையே நினைத்துக்கொண்டு வந்ததில் தூண் தெரியவில்லை.'

மாப்பிள்ளைக்குக் கோபமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வந்தன. எதை முதலில் படுவது என்று தெரியாமல் நின்றான். மூன்று விநாடி! அதற்காக ஒரு வருஷம் அவன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இண்டிகேட்டர் போட்டுப் பழகியிருக்கிறான், நிற்கும் வண்டியில்.

"ஆபீஸ்ல அத்தன பேரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க" என்றார் மாமனார், பம்பரைப் பார்த்து. "சொந்த மருமகனுக்கு பாஸ் போட்டான்னு ஒரு பய சொல்லிடக் கூடாதுன்னு... அன்னைக்கு அப்படித் தோணிடுச்சு. அப்புறம் சொல்லலாம் சொல்லலாம்னு வருஷம் ஓடிப்போச்சு. அழிச்சிடுங்க."

தையல்காரர் தின்னரில் துணியை நனைத்தார்.

"அழிக்காதீங்க" என்றான் மாப்பிள்ளை.

"அது என்னோடது மாப்பிள்ளை. நான்தான் சம்மதிக்கணும்."

"என்னப் பத்தித்தானே மாமா எழுதியிருக்கு?" அவன் குரல் உடைந்துவிட்டது. வெட்கமாக இருந்தாலும் நிறுத்தவில்லை. "நான் நல்லா ஓட்டுனேன்னு நீங்க சொன்னது உலகத்துலயே இந்த ஒரு எடத்துலதான் இருக்கு. அதப் போய் தின்னர் போட்டுத் துடைக்கச் சொல்றீங்க."

மாமனாரின் நல்ல கண் கலங்கியது. அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அண்ணாந்து தகரக் கூரையைப் பார்த்தார். அப்படியே, "சரி. அப்ப அந்த 'காரணம் எதுவும் இல்லை'ன்றத அழிங்க. அது பொய்" என்றார்.

தையல்காரர் நிமிர்ந்தார். "பொய்யா?"

"போன வருஷமே கண்ணு சரியாத் தெரியல. சொன்னா ஆபரேஷன்னு படுக்க வெச்சிடுவாங்க, சாவியையும் வாங்கிடுவாங்கன்னு பயம். அதான் காரணம் இல்லன்னு சொல்லிட்டேன்."

"அப்படிச் சொல்லுங்க!" தையல்காரர் மேசையில் ஓங்கித் தட்டினார். "பாருங்க சார், மத்த எட்டுத் தையலும் கல்லு மாதிரி நிக்குது. சரியா இந்த எடத்துல மட்டும் விட்டிருக்கு. நீங்க இன்னைக்குத் தூண்ல முட்டினது வெறும் சாக்கு. பொய் ஒரு வருஷம் தாங்காதுன்னு நான் சொன்னேன் இல்லையா?"

பொய் தின்னரில் கரைந்து போனது. அந்த இடத்தில் தையல்காரர் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினார்: 'கார்க்காரரின் மருமகன். மாமனார் பார்க்கிறாரா என்று ஜன்னலைப் பார்த்தேன்.'

"கீழ இதையும் எழுதுங்க" என்றார் மாமனார். "பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்."

பிறகு வேலை நடந்தது. விரிசலின் நுனியில் ஒரு சின்ன ஓட்டை போட்டார், மேலே ஓடாமல் இருக்க. பழைய ஊசிகளைப் பிடுங்கி எறிந்தார். சூடான புது ஊசிகளைச் சொன்ன கோணத்தில் ஒவ்வொன்றாக இறக்கி, வெளியே நீட்டியதை நறுக்கினார். குச்சியை உருக்கி நிரப்பினார். வெளிப்பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு அடித்தார். கார் நீலம், பம்பரின் ஓரத்தில் இப்போது ஒரு முழத்துக்குச் சாம்பல் பட்டை. பெயின்ட் நாளைக்குத்தான் என்றார்.

"ஊரே பாக்கும் மாமா" என்றான் மாப்பிள்ளை.

"பாக்கட்டும்" என்றார் மாமனார்.

மணி நாலேகால். மாப்பிள்ளை ஓடிப்போய் முன்பக்கத்து இன்னொரு கதவைத் திறந்து பிடித்தான். முப்பத்தோரு வருஷம் அட்டையும் பேனாவுமாக அவர் உட்கார்ந்த பக்கம் அது. மாமனார் ஒரு நொடி நின்றார். பிறகு பின்கதவைத் தானே திறந்து ஏறிக்கொண்டார்.

"நீங்க ஓட்டுங்க" என்றார்.

மாப்பிள்ளை வண்டியை எடுத்தான். முதல் திருப்பத்தில் இண்டிகேட்டர் போட்டபோது பழக்கதோஷத்தில் மனதுக்குள் விநாடியை எண்ணினான். பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டாவது திருப்பத்தில் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தியே மிதித்துவிட்டான். அதற்கும் ஒன்றும் வரவில்லை. என்னவோ ஏதோ என்று கண்ணாடியில் பார்த்தான். மாமனாரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாய் பாதி திறந்து, நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கண்ணாஸ்பத்திரி வாசல் வந்தபோது ஐந்து மணிக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. மாப்பிள்ளை வண்டியை மெதுவாக்கினான், எழுப்ப மனம் வராமல் வாசலைத் தாண்டி, இன்னொரு சுற்று போய்விட்டு வந்தான்.